கிள்ளானில் இன்னொரு மொட்டைத் தலை

1

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்று ஒரு பகுதி. முன்பு செங்கல் சூளைகள் இருந்த இடம், இப்போது முழுக்க ரயில்வேக்காரர்கள். அவர்கள் குடியிருப்புக்கு எதிரே நான் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருக்கிறேன். இதுவரை ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த நாட்டு மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தவன், இந்தத் தடவை என் வீட்டு விஷயத்தை எழுதும்படி ஆகிவிட்டது. எல்லாம் ஒரு நாவிதர் வாயிலிருந்து வந்த வினை.

அப்பா காலமாகி வருகிற அமாவாசையோடு ஒரு வருஷம். தலைத்திவசத்துக்கு முன்னால் சவரம் செய்துகொள்ளலாம் என்று கோவிந்தனை வரச்சொல்லியிருந்தேன். கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா படையலுக்கான அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தன் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே பேசினார்.

"போன வருசம் இதே மாதிரிதான் அண்ணே. உங்க அப்பாரு காரியத்துக்கு ரெண்டு தலை எடுத்தேன். கை ஓஞ்சு போச்சு."

"ரெண்டா? நான் ஒரே பிள்ளைல்ல?"

"ஒண்ணு நீங்க."

"இன்னொண்ணு?"

"கிள்ளான்காரரு ஒருத்தரு. பேரு வீரையா. நீங்கள்லாம் ஆத்தங்கரையிலேர்ந்து கிளம்பினப்புறம் வந்தாரு. அந்தப் பெரியவர் காரியத்துக்கு எடுத்த அதே கத்தியில எனக்கும் எடுன்னாரு. தலை, மீசை ரெண்டும். பாதி அழுகை, பாதி சிரிப்பு. நான் மூத்த தாரத்துப் புள்ளையாக்கும்னு நெனச்சேன்."

"எங்கப்பாவுக்கு ஏதுய்யா மூத்த தாரம்?"

"அப்ப எளைய தாரமா?" என்றார் கோவிந்தன், ரொம்ப மரியாதையாக.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவர்களுக்குத்தான் நாம் மீசை எடுக்கிறோம். சிநேகிதனுக்கு எடுப்பதில்லை, முதலாளிக்கு நிச்சயமாக எடுப்பதில்லை. முறத்தின் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. கோவிந்தன் போனதும் அம்மா புடைத்த அரிசியைத் திரும்ப டின்னில் கொட்டி மூடினாள்.

"கிள்ளானுக்குப் போய்ப் பாத்துட்டு வா."

"எதைம்மா?"

"இருந்தா இருக்குன்னு சொல்லு. எங்கிட்ட மறைக்காதே. படையல் யாருக்குப் போடறோம்னு தெரிஞ்சாத்தான் நான் அடுப்புப் பத்த வைப்பேன்."

2

அப்பா ரயில்வேயில் கேட்டுக்காரர். தண்டவாளம் சாலையைக் கடக்கிற இடத்தில் வண்டி வரும்போது கேட்டை மூடுவதும், போனபின் திறப்பதும் வேலை. அந்த வேலையில் இருப்பவனைப் போகிறவன் வருகிறவன் எல்லாரும் திட்டுவார்கள். அப்பாவை மட்டும் யாரும் திட்டிக் கேட்டதில்லை. மாட்டுவண்டிக்காரன் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால், "உன் மாடு என்னைப் பாத்துச் சிரிக்குது. நீ ஏன் இப்படி நிக்கிறே? உங்க ரெண்டு பேர்ல யாரு வண்டி ஓட்டறது?" என்பார். என் கடைக்கு வரும் என்ஜின் கரித்தள்ளுகிறவர் ஒருவர் சொல்லுவார்: "உங்கப்பா கேட்டை மூடிட்டா ரயிலு கொஞ்சம் லேட்டா வந்தாத் தேவலைன்னு இருக்கும்." ஜனங்கள் பேசுவதில் இருக்கும் ருசி எனக்கு எந்தப் புஸ்தகத்திலும் கிடைத்ததில்லை. நான் எழுத்துப் படித்ததே கடைக்குப் பொட்டலம் கட்ட வந்த பழைய பத்திரிகைகளில்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பா எங்கள் வீட்டு வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வார். "கேட்டு போட்டாச்சு" என்பார். பேரப்பிள்ளைகள் உள்ளே போக வேண்டுமானால் ரயில் மாதிரிக் கூவ வேண்டும். பெரியவள் செல்லம் மெயில் வண்டி. சின்னவன் சரக்கு வண்டி, அவன் மூச்சு முட்டும்வரை கூவுவான். நான் கடையிலிருந்து பசியோடு வந்தால் எனக்கும் அதே சட்டம்தான். "அப்பா, காலை எடுங்க" என்றால், "இது பெட்டி இல்லாத லைட் என்ஜின் போலிருக்கு, சத்தமே இல்லே, ஆபத்தான வண்டி" என்று இன்னும் அகலமாகப் படுப்பார்.

இதையெல்லாம் ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கோவிந்தன் வந்துபோன அன்றிலிருந்து அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது. சதா சிரித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. எங்கே போனீர்கள், ஏன் தாமதம் என்று கேட்கப் போனால் அதற்குள் நம்மைச் சிரிக்க வைத்துவிடுவார், கேள்வி மறந்துபோகும். அப்படி எத்தனை கேள்விகளை நான் மறந்தேன்?

மாதத்துக்கு ஒரு தடவை அப்பா ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவார். அம்மன் கோயிலுக்கு என்பார். என்னைக் கூப்பிட்டதில்லை. குங்குமம் கொண்டுவந்து கொடுத்ததாக ஞாபகம் இல்லை, கருவாடு கொண்டுவந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர் கருவாடு வாங்கி வருவாரா?

என் மனைவி கமலத்திடம் சொன்னேன். அவளும் யோசித்தாள்.

"கிள்ளான் போயிட்டு வந்த அன்னிக்கு மாமா ராத்திரி சாப்பிட மாட்டாங்க. வயிறு நெறைஞ்சிருக்கும்பாங்க. நான் அப்பவே நெனச்சேன்."

"என்ன நெனச்சே?"

"அப்ப ஒண்ணும் நெனைக்கலை. இப்ப நெனைக்கிறேன்."

பிள்ளைகளுக்கும் விஷயம் எட்டிவிட்டது. செல்லம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டில் தமிழ், தெருவில் மலாய், பள்ளியில் இங்கிலீஷ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவாள், திட்டினால் எந்த வார்த்தைக்குத் திட்டுகிறேன் என்று கேட்பாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்:

"கிள்ளான்ல இருக்கிறது நமக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவாப்பா?"

"பேசாம மக்கான் பண்ணு" என்றேன். சாப்பிடு என்பதற்குக் கோபத்தில் எனக்கே மலாய் வந்துவிட்டது.

"அவங்க வீட்டு வாசல்லயும் தாத்தா கேட்டு போடுவாங்களா?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவி எழுந்து போய்விட்டாள். பிள்ளைகளுக்கு அதில் துக்கம் எதுவும் இல்லை. அவர்கள் முகத்தில் சந்தோஷம். யோசித்துப் பார்த்தால் குற்றம் அவர்களுடையது அல்ல. பெரியப்பா, அத்தை, மாமா என்று முறை சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் இந்த ஊரில் வளர்கிறார்கள். எப்படி வந்தாலும் உறவு வந்தால் போதும் என்று இருக்கிறது அவர்களுக்கு.

3

கிள்ளான் ரயிலடிக்குப் பக்கத்தில் ரப்பர் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி ஒன்று. வீரையா அங்கே வேலை என்று கோவிந்தன் சொல்லியிருந்தார். வாசலில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டு, விபூதி, மூக்குக்கண்ணாடி.

"ஆரைப் பாக்கோணும்?"

"வீரையாவை."

"அவர் உமக்கு என்ன முறை?"

நான் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"சொந்தக்காரர் எண்டால் இப்பவே கூப்பிடுவன். மற்ற ஆக்கள் மத்தியான மணி அடிக்கும் மட்டும் வெளியில நிக்கோணும். துரையின்ர சட்டம். சொல்லும், என்ன முறை?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"எதை?"

"என்ன முறைன்னு."

கிராணியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "அப்ப வெளியில நில்லும்" என்றார்.

அண்ணன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். வாய் வரவில்லை. வெயிலில் நின்றேன். ரப்பர் பால் நாற்றம் ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். மணி அடித்து ஆட்கள் வெளியே வந்தபோது கிராணியார் ஒருவனைக் கூப்பிட்டு என்னைக் கைகாட்டினார்.

ஐம்பது வயதுக்குக் கிட்டே இருக்கும். நல்ல நெட்டை. எங்கள் அப்பா குள்ளம், அதனால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. உடனே, தாய் நெட்டையாக இருந்திருக்கலாமே என்று தோன்றி அந்த நிம்மதியும் போனது. தலைமுடி வளர்ந்திருந்தது, மேலுதடு மட்டும் மழித்து வழுவழுப்பாக இருந்தது. கிட்டே வந்தவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

"நீங்க கேட்டுக்காரப் பெரியவர் மகன்தானே? கடை வச்சிருக்கிறவரு."

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சிய உர்ருன்னு வச்சிருப்பான்னு சொல்லுவாரு."

கிட்டங்கிக்குப் பின்னால் வரிசை வீடுகள். முதல் வீடு அவனுடையது. எங்களைப் பார்த்ததும் ஓர் இளம்பெண் பாயை எடுத்து விரித்தாள். "யாருப்பா?" என்று கேட்டாள். அவன் சொன்னதும், "எங்க தாத்தாவோட மகனா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தாத்தா. அந்த ஒரு சொல் போதாதா? பாயில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு நீ ஏன்யா மீசை எடுத்தே?"

"உங்கப்பாவுக்கு எடுக்கலீங்க. எங்கப்பாவுக்கு எடுத்தேன்."

"உங்கப்பா யாரு?"

"ஊர்ல செத்துப்போயிட்டாரு. இதோ, இவ வயித்துல இருந்தப்போ" என்று அந்தப் பெண்ணைக் காட்டினான்.

4

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு அன்று பாதிக்குமேல் நம்பிக்கை இல்லை.

அப்பா கோலாலம்பூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால், எங்களை இங்கே விட்டுவிட்டு, கிள்ளானுக்கு அப்பால் துறைமுகத்து ரயில் பாதையில் வேலை பார்த்தார். வீரையாவும் அங்கேதான். அந்தக் காலத்தில் ஒருநாள் கப்பலில் வந்து இறங்கிய ஊர்க்காரன் ஒருவன், உன் அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று வீரையாவிடம் சொன்னான். வீரையா கத்திக்கு உட்காரப் போனபோது அவன் மனைவி பொன்னம்மா குறுக்கே விழுந்தாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். முந்தின இரண்டும் தங்கவில்லை. மனைவி அப்படி இருக்கும்போது புருஷன் முடி எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது நம்மவர் வழக்கம்.

"காலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை நான்" என்றாள் பொன்னம்மா, அடுப்படியிலிருந்து. "செத்தவரு செத்துட்டாரு. இது வரணும்ல."

வீரையா எடுக்கவில்லை. பெண் பிறந்தது, தங்கியது. பிறகு எடுக்கிறேன் என்று, காரியம் செய்துவைக்கும் பண்டாரத்திடம் போனான். காலம் தப்பிவிட்டது, இனி எடுத்தால் போய்ச் சேராது என்று பண்டாரம் சொல்லிவிட்டார்.

"அதுக்கப்புறம் எனக்குக் கண்ணாடி பாக்கப் பிடிக்காதுங்க. மூஞ்சியில மீசை இருக்கிறது அப்பனை ஏமாத்தின மாதிரி இருக்கும். சோறு எறங்காது. ஒருநாள் உங்கப்பா வந்தாரு. என் மீசையப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்து, என்ன பெரியவரே, சௌக்கியமா, மகன் ஒழுங்கா எண்ணெய் வைக்கிறானான்னு அதுகிட்டப் பேசினாரு. எனக்கு அடிக்கலாம் போல வந்தது. பாத்தா, சிரிச்சுட்டேன்."

"அப்புறம்?"

"பண்டாரம் சொன்னதைச் சொன்னேன். போய்ச் சேராதாவது, ஊருக்குப் போறவன் கையில குடுத்து விட்டா எதுதான்டா சேராது, நான் போறப்ப எங்கிட்டக் குடு, உங்கப்பன் கையில நானே குடுத்துடறேன், அதுவரைக்கும் பத்திரமா வச்சிருன்னாரு."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒருவன் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறான் என்றால் அவன் பெட்டி அவனுடையது அல்ல. ஒருவர் தைலம் கொடுப்பார், ஒருவர் தங்கைக்குச் சேலை, ஒருவர் அப்பாவுக்குக் குடை. போகிறவன் முகம் சுளிக்கக் கூடாது, கொடுத்தவன் நன்றி சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு அவன் போகும்போது இவன் கொடுப்பான். ஊரில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த குடைகள் எல்லாம் அப்படி யாரோ ஒருவன் தோளில் வந்தவைதான்.

"மாசா மாசம் வருவாரு. வந்ததும் மீசையத்தான் பாப்பாரு. எலி கடிக்கலையேம்பாரு. அப்புறம் இவ கைச்சோறு. போறப்ப கருவாடு கட்டிக் குடுப்போம். போன வருசம் சேதி வந்தப்போ ஓடி வந்தேன். நீங்கள்லாம் சாம்பலைக் கரைச்சுட்டுப் போயிட்டீங்க. எடுத்து, ஒரு எலையில மடிச்சு, கரைச்ச எடத்துலயே விட்டேன்."

"அந்த ஆறு இங்கேதானே வருது? இங்கேயே விட்டிருக்கலாமே."

"அவரு மறதிக்காரருங்க. கிளம்பறப்பவே கையில குடுத்தாத்தான்."

இதற்குச் சிரிக்காமல் இருக்க நான் ரொம்பப் பிரயாசைப்பட்டேன்.

"ஏன் எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலை? எங்கப்பா வாயில ஒண்ணும் நிக்காதே."

"நான்தான் கேட்டுக்கிட்டேன். அப்பனுக்கு மீசை எடுக்காதவன்னு பேர் வந்துடும்னு. அன்னிக்கும் உங்க வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க மொட்டைத் தலையோட உக்காந்திருந்தீங்க. உங்ககிட்ட வந்து, உங்கப்பா கையில என் மீசையக் குடுத்தனுப்பினேன்னு எப்படிச் சொல்றது? அடிப்பீங்க."

"அடிச்சிருப்பேன்" என்றேன். அது ஒன்றுதான் அன்று நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

5

திரும்பும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். கதை நன்றாக இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நடந்த விஷயம் இவ்வளவு சரளமாக வருமா? கட்டினவள் அடுப்படியிலிருந்து சாட்சி சொல்வதில் என்ன அதிசயம்? அந்தப் பெண் தாத்தா என்றாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கடைக்காரன் புத்தி, எந்தப் பழத்தையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கும்.

அம்மா முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு கட்டினது, அவனா, நீயா?"

"நான் ஏம்மா கட்டறேன்?"

"நீயும் அந்த மனுசன் பெத்த புள்ளைதானே. எனக்கு நோகக் கூடாதுன்னு நீ எதையும் சொல்லுவே. திவசத்தன்னிக்கு அவங்களை வரச்சொல்லு. நான் பாத்துக்கறேன்."

கிள்ளான் வண்டியில் போகும் கார்டு ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். வந்தால் என்ன ஆகும், வராவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டுக்கும் பயந்தேன். அம்மா பிடித்தால் விடமாட்டாள். அடுப்பு எரியாவிட்டால் முதல் வருஷத்திலேயே அப்பா பசியோடு திரும்பிப்போக வேண்டியதுதான். பண்டாரத்துக்கு வேறு அன்று மூன்று வீடு, எங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

அமாவாசையன்று காலை. இலை நறுக்கியாயிற்று, எள் வந்தாயிற்று, காய்கறி கூடையில் கிடக்கிறது. அடுப்பு சில்லென்று இருக்கிறது. கமலம் அதன் பக்கத்தில் போவதும் வருவதுமாக இருந்தாள். அம்மா நடுக்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறுவதற்கு முன்னால் வீரையாவும் பொன்னம்மாவும் வந்துவிட்டார்கள். பெண்ணைக் கூட்டிவரவில்லை. ஏன் கூட்டிவரவில்லை என்று எனக்குச் சந்தேகம்.

அம்மா இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. பொன்னம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு வீரையாவைப் பார்த்தாள். மீசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாசா மாசம் வந்தாரே, என்னைப் பத்தி என்ன பேசுவாரு?"

வீரையா பொன்னம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லு."

"சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்க ஆத்தா."

"சொல்லுங்கறேன்."

"உங்களையும் மகனையும் ஊர்லேருந்து கூட்டிட்டு வந்த கதைதான் சொல்லுவாரு. எந்தக் கதையில ஆரம்பிச்சாலும் அங்கதான் வந்து நிப்பாரு. கப்பல்ல அத்தனை பேரும் குமட்டிக்கிட்டுச் சுருண்டு கெடந்தாங்களாம். நீங்க மட்டும், சோத்தை வீணாக்கக் கூடாதுன்னு எல்லார் பங்கையும் வாங்கி வாங்கிச் சாப்பிட்டீங்களாம். பினாங்குல எறங்கறப்ப கப்பல்காரன் அவரைக் கூப்பிட்டு, அடுத்த தடவை இந்தம்மாவை ஏத்தறதுன்னா முன்கூட்டியே சொல்லுங்க, நாங்க அரிசி சேத்து ஏத்தணும்னானாம்."

கமலம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தக் கப்பலில் நானும் இருந்தேன், ஐந்து வயது, சுருண்டு கிடந்தவர்களில் ஒருவன். இந்தக் கதையை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அம்மாவின் முகம் சிவந்தது.

"எல்லார் பங்கும் இல்லே. ரெண்டு பேர் சோறு. ரெண்டே பேர் சோறு. அதுவும் அவரு பங்கு ஒண்ணு, இவன் பங்கு ஒண்ணு. வெளிய சொல்ல மாட்டேன்னு பினாங்குல எறங்கினப்பவே சத்தியம் பண்ணின மனுசன். கிள்ளான்ல வந்தா பேசியிருக்காரு."

"வர்றப்பல்லாம் பேசுவாரு ஆத்தா" என்றாள் பொன்னம்மா, தலையை நிமிர்த்தி. "நாங்க உங்களைப் பாக்காமயே உங்களுக்குப் பயந்துக்கிட்டிருந்தோம்."

அம்மா எழுந்தாள். என் பக்கம் திரும்பி, "வேற வீடு வச்சிருக்கிறவன் அங்க போய் உக்காந்துக்கிட்டு இந்த வீட்டுப் பொண்டாட்டி கதையா பேசுவான்?" என்றாள். நான்தான் இத்தனை நாளும் அவளுக்கு அந்தச் சந்தேகத்தை ஊட்டியது போல இருந்தது அவள் பார்வை. பிறகு அடுப்படிக்குப் போய், விறகை முழங்காலில் வைத்து ஒடித்தாள். பொன்னம்மா பின்னாலேயே போய்க் காய்கறிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு பேர் சோறு" என்று அம்மா அவளிடம் இன்னொரு தடவை சொல்வது கேட்டது.

பண்டாரம் வந்தார், அவசரப்பட்டார். எள்ளும் தண்ணீரும் நான் விட்டு முடித்ததும் அம்மா வீரையாவைக் கைகாட்டி அழைத்தாள். "நீயும் ஒரு கை விடு. உங்கப்பனுக்கும் சேத்து விடு" என்றாள். இதற்கு முறை உண்டா என்று பண்டாரம் வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பந்தியில் நான் பரிமாறினேன். வீரையா தலை குனிந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அம்மா சமாதானமாகிவிட்டாள், கமலம் சமாதானமாகிவிட்டாள், பிள்ளைகள் அவனைப் பெரியப்பா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத்தான் கை ஓடவில்லை. சோற்றுத் தட்டோடு நின்று அவன் நெற்றியைப் பார்த்தேன். மூக்கைப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்து காது மடலைப் பார்த்தேன்.

"அவன் மூஞ்சியப் பாத்தது போதும்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "எலை காலியா இருக்கு. சோத்தைப் போடு."